லேன்டர்ட்டின் சுண்ணாம்புத் தண்ணீர்

லேன்டர்ட் கடவுளுக்குப் பயந்தாரோ இல்லையோ, வீணாக்குவதற்குப் பயந்தார். நெதர்லாந்தில் எங்கள் ஸேலந்து பக்கத்து ஆட்கள் எல்லோருமே கொஞ்சம் கை இறுக்கம்தான், நானும் அந்த மண்தான். ஆனால் இவர் எங்களுக்கே பாடம் எடுக்கக்கூடிய ஆள். காலை பத்து மணி காப்பிக்கு பிஸ்கட் டப்பாவைத் திறப்பார், ஆளுக்கு ஒன்று கொடுப்பார், மூடுவார். போலந்திலிருந்து வந்த ஓர் ஆராய்ச்சியாளர் விஷயம் தெரியாமல் இரண்டாவதற்குக் கையை விட்டு விரலை நசுக்கிக்கொண்டார். மத்தியானம் சீஸ் வைத்த ரொட்டியும் ஒரு டம்ளர் மோரும் சாப்பிடுவார். ரொட்டி சுற்றி வந்த தாளை மடித்துப் பைக்குள் வைப்பார். ஒரு தாள் மூன்று வாரம் வரும்.

கால்வாய்க் கரையில் இருக்கிற எங்கள் ஆய்வுக்கூடத்தில் அவர் முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்தார். கான்கிரீட்டை உடைப்பதுதான் வேலை. உடைக்க யாராலும் முடியும். சரியாக அரை மில்லிமீட்டர் விரிசல் விட்டதும் நிறுத்த வேண்டும், அதற்கு அவர்தான் வேண்டும். கான்கிரீட் கட்டையை எந்திரத்தில் வைத்து, காதைப் பக்கத்தில் கொண்டுபோய், ஒற்றை விரலால் சக்கரத்தைத் திருப்புவார். எங்களுக்கு ஒன்றும் கேட்காது. அவர் கையை எடுத்த பிறகு அளந்து பார்த்தால் அரை மில்லிமீட்டர் இருக்கும்.

நான் மார்கா. எதிர் அறையில் காகித வேலை. விடுமுறைச் சீட்டு, ரசாயனக் கணக்கு, கழிவு அனுப்பும் படிவம் எல்லாம் என் மேஜையைத் தாண்டித்தான் போகும். என் வாய் கொஞ்சம் நீளம் என்று சொல்வார்கள், அதில் பொய்யில்லை. லேன்டர்ட் ஒருவர்தான் அதைப் பொறுத்துக்கொண்டார்.

ஹெஸ்டர் எங்களிடம் வந்தபோது அவளுக்கு இருபத்தொன்பது வயது. முனைவர் பட்டத்துக்கு வந்தவள். அவள் கொண்டுவந்த யோசனை இதுதான்: ஒரு வகை பாக்டீரியாவைத் தூங்குகிற நிலையில், அதற்கான தீனியோடு சேர்த்து, கான்கிரீட் கலவையிலேயே போட்டுவிட வேண்டியது. என்றைக்காவது விரிசல் விட்டுத் தண்ணீர் உள்ளே போனால் அது விழித்துக்கொள்ளும். தீனியைத் தின்று சுண்ணாம்புக் கல்லாகக் கழிக்கும். விரிசல் தானாக அடைபடும். இதையெல்லாம் அவள் மூச்சு விடாமல் விளக்கி முடித்ததும் லேன்டர்ட், “அப்ப, பூச்சி தின்னுட்டுப் போடுறதுலதான் இனிமே நம்ம பாலமெல்லாம் நிக்கணும்,” என்றார். அவள் சிரித்துச் சிரித்துக் கண்ணீர் விட்டாள். அன்றிலிருந்து இருவருக்கும் ஒத்துப்போயிற்று.

அவளுடைய பெரிய சோதனை மூன்றாவது வருஷக் கோடையில் வைத்தது. நாற்பது கட்டைகள், எல்லாவற்றிலும் லேன்டர்ட் போட்ட அரை மில்லிமீட்டர் விரிசல். பாக்டீரியா கலந்த இருபது முதல் தொட்டியில், கலக்காத சாதாக் கட்டை இருபது இரண்டாம் தொட்டியில். கட்டையில் பாதி தண்ணீரில் இருக்க வேண்டும், பாதி காற்றில். இரண்டு தொட்டிக்கும் ஒரே குழாய்த் தண்ணீர். முதல் தொட்டியில் விரிசல் அடைபட்டு, இரண்டாவதில் அடைபடாமல் இருந்தால் ஹெஸ்டர் ஜெயித்தாள்.

தொட்டிகளை நிரப்பிய நான்காம் நாள் கட்டுமானக்காரர்களின் விடுமுறை ஆரம்பித்தது. அந்த மூன்று வாரமும் நாட்டில் ஒரு கொத்தனாரைப் பார்க்க முடியாது, எங்கள் கூடமும் பூட்டிக் கிடக்கும். லேன்டர்ட் மட்டும் ஊருக்குப் போக மாட்டார். வீட்டிலேயே கட்டில் இருக்கும்போது எதற்குக் கூடாரத்தில் படுக்க வேண்டும் என்பது அவர் கட்சி. தொட்டியில் தண்ணீர் குறையக் குறைய ஊற்றுகிற வேலையை அவர் ஏற்றுக்கொண்டார்.

விடுமுறைக்கு முந்தைய மாலை அவர் ஒரு நீல டிரம்மை உருட்டிக்கொண்டு என் அறை வாசலுக்கு வந்தார். வேறு கட்டைகளை ஊறப்போட்டு மிஞ்சின சுண்ணாம்புத் தண்ணீர். சாக்கடையில் ஊற்றக்கூடாது, கழிவு வண்டியில்தான் அனுப்ப வேண்டும், அதற்கு நாலு பக்கப் படிவம். நான் காரவன் வீட்டு வண்டியைக் காரில் மாட்டி பிரான்சுக்குக் கிளம்புகிற அவசரத்தில் இருந்தேன்.

“இப்ப வந்து உயிரை வாங்காத. எப்படியாவது தீர்த்துடு, நான் வரும்போது இந்த டிரம் என் கண்ணுல படக்கூடாது,” என்றேன்.

அவர் தீர்த்துவிட்டார். அது வெயில் கொளுத்திய ஆகஸ்ட். தொட்டிகள் தினமும் ஒரு விரற்கடை இறங்கின. நல்ல சுண்ணாம்புத் தண்ணீர், கான்கிரீட்டுக்கு எப்போதும் பிடித்தது, அதை எதற்கு வண்டி ஏற்றி அனுப்ப வேண்டும் என்று, டிரம் தீருகிறவரை, அதற்குப் பக்கத்தில் இருந்த முதல் தொட்டியில் அதையே ஊற்றினார். இரண்டாவதில் குழாய்த் தண்ணீர். குறிப்பேட்டில் இரண்டுக்கும் ஒரே மாதிரி ‘தண்ணீர் ஊற்றப்பட்டது’ என்று எழுதினார். சுண்ணாம்பு என்று எழுதினால் படிவம் எங்கே என்று நான் கேட்பேனே. பிறகு அதை மறந்தும் போனார்.

விடுமுறை முடிந்து ஹெஸ்டர் மைக்ராஸ்கோப்பில் குனிந்தவள் நிமிரவேயில்லை. முதல் தொட்டிக் கட்டைகள் அத்தனையிலும் விரிசல் வெள்ளை வெளேரென்று அடைபட்டிருந்தது. இரண்டாம் தொட்டியில் பேருக்குக்கூட இல்லை. பத்திரிகைக்காரர்கள் வந்தார்கள். கால்வாய்க்கு அடியில் சைக்கிள் சுரங்கம் கட்டப்போகிறவர்கள் வந்து கட்டைகளைத் தடவிப் பார்த்துவிட்டுப் போனார்கள். நாங்கள் எல்லோரும் இலவங்கப்பட்டைப் பாகு சொட்டும் போலஸ் ரொட்டி தின்று கை நக்கினோம். அதற்கு மேல் இரண்டு வருஷம் அவள் எழுதியதெல்லாம் அந்த இருபது கட்டைகளை வைத்துத்தான்.

பட்ட விழாவுக்குத் தேதி குறித்தாயிற்று. எங்கள் வழக்கப்படி பட்டம் வாங்குகிறவர், மாப்பிள்ளைத் தோழன் மாதிரி, இரண்டு பக்கத் தோழர்களை நிறுத்திக்கொள்ள வேண்டும். பொதுவாகத் தம்பி, தங்கை, கூடப் படித்தவர்கள் என்று நிற்பார்கள். ஹெஸ்டர் வலது பக்கத்துக்கு லேன்டர்ட்டையும் இடது பக்கத்துக்கு என்னையும் கேட்டாள். லேன்டர்ட் பள்ளிக்கூடத்தைப் பதினாறு வயதில் விட்டவர். கேட்டதும் எழுந்து கழிவறைக்குப் போய் ரொம்ப நேரம் கழித்து வந்தார்.

விழாவுக்குப் பதினோரு நாள் இருக்கும்போது அவர் ஓர் அலமாரியைக் காலி செய்தார். அடித்தட்டில் மூன்று கட்டைகள் கிடந்தன. நாற்பதுக்கு மேல் வார்த்து, விரிசலும் போட்டு வைத்த உதிரிகள். பாக்டீரியா இல்லாத சாதா. இரண்டாம் தொட்டியில் இடம் போதாமல் அவரே முதல் தொட்டி மூலையில் போட்டு வைத்திருந்தார். பட்டியலில் இல்லாததால் யாரும் அளக்கவில்லை. அளவுகோல் சரியாக இருக்கிறதா பார்க்கலாமே என்று ஒன்றை மைக்ராஸ்கோப்பில் வைத்தார். விரிசல் அடைபட்டிருந்தது. மற்ற இரண்டும் அப்படியே. பூச்சி இல்லாத கட்டையை எது அடைத்தது என்று அரை மணி நேரம் யோசித்தவருக்கு நீல டிரம் நினைவு வந்தது. அந்தச் சுண்ணாம்புதான் விரிசலில் படிந்து அடைத்திருந்தது.

நேரே என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினார். எங்கள் கூடத்தில் யாரும் கதவைச் சாத்த மாட்டார்கள். சொல்லி முடித்ததும், “பேராசிரியர்கிட்டப் போறேன்,” என்றார்.

“உட்காரு,” என்றேன். “ஒப்பந்தம் முடியுது அவளுக்கு. கைல நாலு வயசுப் பிள்ளை. ஆய்வுப் புத்தகம் அச்சாகி ஊரெல்லாம் போயாச்சு. இப்பப் போய் வாயைத் திறந்தேன்னா அவளை நீயே கொன்ன மாதிரி.”

“கட்டை பொய் சொல்லாது மார்கா.”

“கட்டை பேசாது. நீயும் பேசாத. பதினோரு நாள் போகட்டும். பட்டத்தை வாங்கிக்கட்டும், அப்புறம் சொல்லு.”

அவளுக்காகத்தான் சொன்னேன் என்று வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன். விசாரணை என்று வந்தால் டிரம் யாரைக் கேட்டுத் தீர்ந்தது என்று கேட்பார்கள். அது எனக்கு அந்த நிமிஷமே உறைத்துவிட்டது. அதை வாயில் வராமல் பார்த்துக்கொண்டேன்.

அவர் பாவம், மெல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் அலைந்தார். எந்திரத்தில் கையை நிறுத்தத் தவறி இரண்டு கட்டைகளை முழுசாகப் பிளந்தார். முப்பத்தொரு வருஷத்தில் அது நடந்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை, என்னிடம் சொல்லாமல், ஓர் உதிரிக் கட்டையைச் சைக்கிள் பையில் போட்டுக்கொண்டு ஹெஸ்டர் வீட்டுக்கே போய்விட்டார். அன்றைக்கு அவள் மகள் பிறந்தநாள். வீட்டு முன்னறையில் வட்டமாக நாற்காலி போட்டு உறவுக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் வழக்கப்படி வாசலில் நுழைந்தவர் குழந்தையை மட்டும் வாழ்த்தினால் போதாது, வட்டத்தில் இருக்கிற ஒவ்வொருவருக்கும் கை கொடுத்து, பேத்திக்கு வாழ்த்து, மருமகளுக்கு வாழ்த்து என்று சொல்லி வர வேண்டும். பதினேழு பேருக்குக் கை கொடுத்து முடிப்பதற்குள் அவர் மடியில் கேக் தட்டு வந்து உட்கார்ந்துவிட்டது. இவர்தான் விரிசல் போடுகிற லேன்டர்ட், இவர் இல்லாவிட்டால் நான் இல்லை என்று ஹெஸ்டர் வட்டத்துக்கே சொன்னாள். அவள் அப்பா எழுந்து வந்து மறுபடி கை கொடுத்தார். லேன்டர்ட் கேக்கைத் தின்றார், காலடியில் பையோடு ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார், எழுந்து வந்துவிட்டார். மறுநாள் இதை அவரே என்னிடம் சொன்னார். நல்ல காலம், வாயைத் திறக்கவில்லை என்றுதான் நான் நினைத்தேன்.

விழா நாள். பல்கலைக்கழகத்துப் பழைய மண்டபத்தில் கறுப்பு அங்கியும் தொப்பியுமாக ஏழு பேராசிரியர்கள் ஒரு பக்கம். எதிரே மேடையில் ஹெஸ்டர். வலப்பக்கம் வாடகை வால் கோட்டில் லேன்டர்ட், இடப்பக்கம் கறுப்பு உடையில் நான். பக்கத் தோழர்கள் உட்காரக்கூடாது, பேசக்கூடாது. பட்டம் வாங்குகிறவர் கேட்டால் மட்டும் பதில் சொல்லலாம், வழக்கமாக யாரும் கேட்பதில்லை. கேள்வி நேரம் சரியாக நாற்பத்தைந்து நிமிஷம். அது முடிந்த நொடியில் கோலேந்திய கட்டியக்கார அம்மாள் உள்ளே வந்து, கோலைத் தரையில் தட்டி, ‘ஹோரா எஸ்ட்’ என்று லத்தீனில் நேரம் முடிந்ததைச் சொல்வாள். சொல்லிவிட்டால், பாதி வாக்கியத்தில் இருந்தாலும் நிறுத்திவிடலாம். அதற்கு மேல் பதில் சொல்ல வேண்டிய கடமை யாருக்கும் இல்லை.

நாற்பது நிமிஷம் ஹெஸ்டர் பிரமாதமாகச் சொன்னாள். நான் லேன்டர்ட்டைப் பார்க்காமல் எதிர்ச் சுவரில் இருந்த கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியாக பெல்ஜியத்துப் பேராசிரியர் ஒருவர் கண்ணாடியைக் கழற்றினார். மென்மையான ஆள். படங்கள் அழகாக இருக்கின்றன, ஆனால் எனக்கு ஒரு சின்னச் சந்தேகம், இரண்டு தொட்டித் தண்ணீரையும் தனித்தனியாகச் சோதித்தீர்களா என்று கேட்டார்.

“மதிப்பிற்குரிய பேராசிரியர் அவர்களே, சோதிக்கவில்லை,” என்றாள் ஹெஸ்டர். “ஆனால் இரண்டையும் ஒரே குழாயிலிருந்து நிரப்பியவர் என் வலது பக்கம் நிற்கிறார். என் கையைவிட அவர் கையை நான் அதிகம் நம்புகிறேன். தாங்கள் அனுமதித்தால் அவரையே கேட்கிறேன்.”

பேராசிரியர் தலையசைத்தார். ஹெஸ்டர் சிரித்த முகத்தோடு திரும்பி, “லேன்டர்ட், ரெண்டும் ஒரே தண்ணிதானே?” என்றாள்.

லேன்டர்ட் அவள் பக்கம் திரும்பினார். வாயைத் திறந்தார். கதவு திறந்தது, கோல் தரையைத் தட்டியது.

“ஹோரா எஸ்ட்.”

மண்டபம் முழுக்க ஒரு பெருமூச்சும் சிரிப்பும் எழுந்தன. எனக்கும் போன உயிர் வந்தது. அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் அப்படித்தான் இருந்தது.

பேராசிரியர்கள் முடிவு பண்ணத் தங்கள் அறைக்குப் போனார்கள். எங்கள் மூவரையும் பக்கத்துச் சிற்றறையில் விட்டுக் கதவைச் சாத்தினார்கள். ஹெஸ்டர் காலணியைக் கழற்றி உதறிவிட்டு, அந்தக் கோல் அம்மாளுக்கு ஒரு முத்தம் கொடுக்க வேண்டும் என்று சொல்லிச் சிரித்தாள். நான் அவளுக்குத் தண்ணீர் ஊற்றினேன்.

“ஹெஸ்டர்,” என்றார் லேன்டர்ட். “ஒரே தண்ணி இல்ல.”

அவளுக்குப் புரியவில்லை. அவர் நின்றபடியே சொன்னார். டிரம், சுண்ணாம்புத் தண்ணீர், மூலையில் போட்ட உதிரிக் கட்டைகள் மூன்று. “மூணும் அடைஞ்சிருக்கு. அதுல பூச்சியே இல்ல.”

அந்தக் கடைசி வார்த்தையில் அவளுக்குப் புரிந்துவிட்டது. மெதுவாக உட்கார்ந்தாள். வெளியே அவள் அப்பா யாரிடமோ உரக்கப் பேசுவது கேட்டது.

“எப்பத் தெரியும் உங்களுக்கு?”

“பதினோரு நாளா.”

“பதினோரு நாளா என் பக்கத்துல இருந்துட்டு, ஏன் சொல்லல?”

“உன் பொண்ணு பிறந்தநாளுக்கு அதுக்குத்தான் வந்தேன். வாய் வரல.”

“வேற யாருக்குத் தெரியும் இது?”

கண்ணாடி டம்ளர் என் கையில் இருந்தது. அவர் என்னைப் பார்க்கவில்லை. ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

“எனக்கு மட்டும்தான்.”

“அதை ஊத்தச் சொன்னது யாரு?”

“யாரும் சொல்லல. என் கஞ்சத்தனம்.”

ஹெஸ்டர் என் பக்கம் திரும்பினாள். கண் கலங்கியிருந்தது. நான் இப்போ என்ன செய்யட்டும் மார்கா என்று கேட்டாள். அந்த இடத்தில் நான் சொல்லியிருக்கலாம். எனக்கும் தெரியும், தீர்த்துடு என்று சொன்னதும் நான்தான், பேசாதே என்று சொன்னதும் நான்தான் என்று நாலு வார்த்தை. அவள் கையைப் பிடித்துக்கொண்டு, நீயே யோசித்துச் செய் என்றேன்.

அவள் யோசிக்கவில்லை. முகத்தைத் துடைத்தாள், வெறுங்காலோடு வெளியே போனாள், பேராசிரியர்கள் இருந்த கதவைத் தட்டினாள். அந்தக் கதவை உள்ளே இருந்துதான் திறப்பார்கள். வெளியே இருந்து யாரும் தட்டியதாக நான் கேள்விப்பட்டதில்லை. கட்டியக்கார அம்மாள் கோலைக் குறுக்கே நீட்டினாள். ஹெஸ்டர் அதைக் கையால் விலக்கிவிட்டு உள்ளே போனாள்.

அன்று பட்டம் இல்லை. நாற்பது உறவுக்காரர்கள் கோட்டை மாட்டிக்கொண்டு சத்தமில்லாமல் வீட்டுக்குப் போனார்கள். விசாரணையில் லேன்டர்ட்டை மூன்று முறை உட்கார வைத்துக் கேட்டார்கள். மூன்று முறையும் என் கஞ்சத்தனம் என்ற ஒரே பதில். அவர் பெயரில் எழுத்துமூலம் ஒரு கண்டிப்பு வந்தது. எந்திரத்தை வேறு ஆளுக்குக் கொடுத்து, அவரைச் சாமான் அறைக்கு அனுப்பினார்கள். முப்பத்தொரு வருஷம் காதால் விரிசல் கேட்ட மனிதர் ஆணி எண்ணினார். ஹெஸ்டரின் ஒப்பந்தத்தை நீட்டிக்கத் தலைமை ஒப்புக்கொண்டது. உண்மையைத் தானே போய்ச் சொன்னவளை அனுப்பிவிட முடியுமா என்று கேட்டார்கள். நான் பயந்தது எதுவும் நடக்கவில்லை. பதினோரு நாள் முன்னாலேயே சொல்லியிருந்தால் இன்னும் சுலபமாக முடிந்திருக்கும்.

ஒன்றரை வருஷம் மறுபடி சோதனை. இரண்டு தொட்டித் தண்ணீரையும் ஒவ்வொரு திங்கட்கிழமையும் அளந்தாள். பூச்சி வேலை செய்தது, ஆனால் அரை மில்லிமீட்டரை அடைக்கவில்லை. தலைமுடி அகல விரிசலைத்தான் அடைத்தது. உள்ளது உள்ளபடி எழுதினாள்.

இதற்கிடையில் ஒரு மத்தியானம் நான் சாமான் அறைக்குப் போனேன். லேன்டர்ட் மோர் குடித்துக்கொண்டிருந்தார். ஏன் என் பெயரைச் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“எனக்கு ஓய்வுக்கு ரெண்டு வருஷம். உனக்குப் பன்னெண்டு. எதுக்கு ரெண்டு பேர் வீணாகணும்?” என்றார். பிறகு டம்ளரைக் கழுவிக்கொண்டே, “சொல்லணும்னா நீயே சொல்லிக்க மார்கா. அதை உனக்குப் பதிலா நான் சொல்ல முடியாது,” என்றார்.

அவர் நன்றாகத் தூங்குகிறார் என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. எனக்கு அவர்மேல் ஆத்திரம் வந்தது. அன்றே போய்ச் சொல்லிவிடுவது என்று ஹெஸ்டரின் அறை வரை நடந்தேன். அவள் நிமிர்ந்து பார்த்து, வா மார்கா, உன்னைப் பார்த்தாலே தெம்பாக இருக்கிறது என்றாள். காகிதத்தில் ஒரு கையெழுத்து வாங்கிக்கொண்டு திரும்பினேன். அதற்குப் பிறகு எத்தனை தடவை நடந்தேன் என்று கணக்கில்லை.

இரண்டாம் விழா அதே மண்டபத்தில் நடந்தது. ஹெஸ்டர் வேறு யாரையும் கேட்கவில்லை. வலப்பக்கம் லேன்டர்ட், இடப்பக்கம் நான். நாற்பத்தைந்து நிமிஷமும் அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஜன்னல் வழியாகச் சிட்டுக்குருவியைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு உள்ளாடை வரை வியர்த்தது. இந்த முறை பட்டம் கிடைத்தது. பெல்ஜியத்துப் பேராசிரியர் எழுந்து வந்து அவளுக்குக் கை கொடுத்தார்.

விருந்தில் அவள் நன்றி சொல்ல எழுந்தாள். அப்பா, மகள், பேராசிரியர் எல்லோருக்கும் சொல்லிவிட்டு எங்கள் பக்கம் திரும்பினாள்.

“லேன்டர்ட் ஒரே ஒரு தடவை என்கிட்ட ஒண்ணை மறைச்சார், அவரே வந்து சொல்லவும் செஞ்சார். அதுக்கு எவ்வளவு தைரியம் வேணும்னு எனக்குத் தெரியும்,” என்றாள். “மார்கா என்கிட்ட எதையுமே மறைச்சதில்ல.”

எல்லோரும் கைதட்டினார்கள். லேன்டர்ட்டும் தரையைப் பார்த்துக்கொண்டு தட்டினார். நான் எழுந்து நின்று சிரித்தேன்.